ருக்கு தானாக ஏறிய கரை

ருக்கு வென்றவற்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மூன்று வயதில் வந்த காய்ச்சலை வென்றாள். போகிற போக்கில் அது இரண்டு கால்களின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போனது வேறு விஷயம். பள்ளிக்கூடம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்ததால் ஒரு நாளும் அதற்குள் உட்காராதவள், இறால் ஏலத்தில் பழவேற்காட்டு வியாபாரிகளை மடக்கிப் பேசுகிற இடத்துக்கு வந்தாள். தூக்கி வரும் பிள்ளைக்குக் கூலி வேண்டாம் என்று விட்டுவிட்ட ஓடக்காரரைக் கூலி கேட்க வைத்தாள். பெண்கள் வாய் திறக்காத ஊர்க் கூட்டத்தில், யாரும் தொட்டுப் பார்க்காத ஒரு வழக்கத்தில் புதிதாக ஒரு வேலையைச் சேர்க்க வைத்தாள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நிற்கும் பழைய கலங்கரை விளக்கத்துக்கு, நடக்க முடியாதவர்கள் யார் முதுகிலும் தொங்காமல் போய்வர ஒரு வழியை உண்டாக்கினாள். இவற்றில் ஒன்றுகூட யாரும் பார்த்துக் கொடுத்தது இல்லை. கேட்டு வாங்கியது, சண்டை போட்டு வாங்கியது, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. இங்கே சொல்லப்போவது கலங்கரை விளக்கத்தின் கதை.

பழவேற்காட்டுக்கு வடக்கே, ஏரியை ஒட்டிய குப்பம் ருக்குவின் ஊர். நைனாவுக்கு ஒரு படகு, அம்மாவுக்குக் கூடை. மூத்தவன் தசரதன், அடுத்தவள் ருக்கு. காய்ச்சலுக்குப் பிறகு அவள் நடக்கவில்லை. இரண்டு கைகளிலும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, உள்ளங்கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி முன்னால் வைத்து நகருவாள். கேலி செய்கிறவர்களுக்கு முன்னால் அவளே கேலி செய்துவிடுவாள். "உங்களுக்கெல்லாம் செருப்பு கால்ல அறுந்து போவுது. எனக்குப் பாரு, கைல மாட்னா கண்ணு முன்னாலயே கீது. எவனும் தூக்கிகினு போவ முடியாது" என்பாள்.

காலையில் படகுகள் வந்ததும் இறாலைப் பாயில் குவிப்பார்கள். ருக்கு குவியலுக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்து ஏலம் கூறுவாள். குரல் ஓடையைத் தாண்டிக் கேட்கும். நின்றுகொண்டிருக்கும் வியாபாரி தொண்டையைக் கனைத்தால்கூட அதை விலை கேட்டதாக எடுத்துக்கொண்டு அடுத்தவரைத் திரும்பிப் பார்ப்பாள். ஊர்ப் பெண்களுக்கு அவள் கூவினால்தான் நிம்மதி.

1981ஆம் வருடம் காணும் பொங்கல். அன்றைக்கு ஏரிக்கரை ஊர்க்காரர்கள் சோறு கட்டிக்கொண்டு படகில் கலங்கரை விளக்கத்துக்குப் போவது வழக்கம். மெட்ராஸ், பொன்னேரிப் பக்கமிருந்தும் ஜனங்கள் வருவார்கள். ஊரில் அதை லைட்டவுஸ் என்றுதான் சொல்வார்கள். ருக்கு அதுவரை அங்கே போனதில்லை. இரவில் சுற்றும் வெளிச்சத்தை வாசலில் படுத்துக்கொண்டு பார்த்ததோடு சரி. அந்த வருடம் தசரதனின் மனைவி சாந்தி, "அவளையும் இட்டுகினு போலாம்" என்று பிடிவாதம் பிடித்தாள். தசரதன் தங்கையை முதுகில் ஏற்றிக்கொண்டு படகில் இறக்கி, அக்கரையில் மறுபடியும் முதுகில் ஏற்றிக்கொண்டான். அந்தக் கரை செங்குத்தாகக் கருங்கல் அடுக்கியது. மேலே ஏறப் படி என்று சொன்னாலும், கல் பெயர்ந்து போனதில் நல்ல காலுள்ளவர்களே கையை ஊன்றித்தான் ஏறுவார்கள்.

மதில் வாசலில் விளக்குக் காப்பாளர் தருமலிங்கம் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். திருப்பாலைவனம் பக்கத்துக்காரர், சாதுவான மனிதர். குடும்பம் குடும்பமாக ஆட்களை எண்ணி எழுதி, ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்.

"ஆள் எட்டு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

"ஒம்பது சார்" என்றாள் ருக்கு, அண்ணன் முதுகிலிருந்து.

தருமலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். "இடுப்புல, முதுகுல வர்றதை எண்றது இல்லம்மா. கைப்பிள்ளைங்களையும்தான் சேர்க்கல."

"எனக்கு இருபத்திரண்டு வயசு சார்."

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "தசரதா, பால் புட்டி எட்தாந்தியா?" என்றான் அர்ஜுனன். ஊரில் எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பவன் அவன்.

அதோடு முடியவில்லை. ஆளைச் சுமந்துகொண்டு மேலே ஏறக் கூடாது என்றார் தருமலிங்கம். உள்ளே சுற்றுப்படி, ஒருவர் தடுக்கினால் இரண்டு பேரும் உருண்டு விழுவார்கள். அதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. ருக்குவை மதில் நிழலில் இறக்கிவிட்டு எல்லாரும் மேலே போனார்கள். சாந்தியின் கைக்குழந்தை, புளிச்சோற்றுப் பாத்திரம், ஊரார் கழற்றிப் போட்ட செருப்புகள் எல்லாவற்றுக்கும் அவள் காவல். இறங்கி வந்த பிள்ளைகள், "அத்தே, நம்ம வூடு தெரியுது! நைனா படகு தெரியுது!" என்று கத்தினார்கள்.

கிளம்பும்போது மேசைக்கு எதிரே இறக்கிவிடச் சொன்னாள்.

"சார், நானா வந்தா எண்ணுவீங்களா?"

"தானா வந்தா யாரா இருந்தாலும் எண்ணுவேன். மேலயும் விடுவேன். ஏன், இந்த நோட்டுல நீயே உன் பேரைப் போடு."

அவர் வேடிக்கையாகச் சொன்னாரோ, ஆறுதலாகச் சொன்னாரோ தெரியாது. ருக்கு அதை வாக்காக எடுத்துக்கொண்டாள். அவளுக்கு எழுதத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது.

அந்தப் பங்குனியில் ஊர்க் கூட்டம் நடந்தது. ஆண்கள் வட்டமாக உட்காருவார்கள். பெண்கள் தள்ளி நின்று கேட்பார்கள். ருக்கு வட்டத்தின் விளிம்பு வரை நகர்ந்து போய் உட்கார்ந்தாள். ஊர்த் தலைவர் பொன்னுரங்கம் நைனாவுக்குப் பங்காளி. அவளுக்குப் பெரியப்பா முறை.

"பெரிப்பா, லைட்டவுஸ் கரைல ஒரு சரிவு போட்டுக் குடுங்க."

"லைட்டவுஸ் பாத்து நீ இன்னா பண்ணப் போற?" என்று யாரோ கேட்டார்கள்.

"நீ வருசா வருசம் பாக்கறியே, இன்னா பண்ண?"

சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள்: "எனக்கு மட்டும் இல்ல பெரிப்பா. பொங்கலன்னிக்கு மெட்ராஸ்லேந்து ஒர்த்தர் கட்டை ஊனிகினு வந்தாரு. அந்தக் கல்லப் பாத்துட்டு படகுலயே குந்திகினாரு. பொண்டாட்டி புள்ளைங்க மட்டும் போயிட்டு வந்தாங்க. அவரும் நம்ம படகுலதான் வந்தாரு."

பொன்னுரங்கத்துக்கு அது சரியாகப் பட்டது. கரையின் அந்தப் பகுதி மதிலுக்கு வெளியே. அங்கே படகு கட்டுவதும் கல் அடுக்குவதும் எந்நாளும் ஊர்க்காரர்கள் வேலைதான். மதிலைத் தொடாமல் செய்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று தருமலிங்கமும் சொல்லிவிட்டார்.

தசரதன் முன்னால் நின்றான். தங்கைக்கு என்றதும் பத்து ஆள் பலம் வந்துவிட்டது. அர்ஜுனன்கூட வந்தான். தென்னந்துண்டு என்று சிலர் சொல்வார்கள், அது சரியல்ல. பனைதான், நைனாவின் கொல்லையில் விழுந்த மரம். அதைத் துண்டு போட்டு, கரையின் உச்சியிலிருந்து தண்ணீர் வரை குறுக்கே வரிசையாகப் பதித்தார்கள். வழவழவென்று இழைத்து, மேலே மீன் எண்ணெய் தடவினார்கள். உச்சியில் ஒரு முளை அடித்துக் கயிறு கட்டி, அதன் முனையில் ஒரு பலகை. வேலை முடிந்ததும் எல்லாருமாக நின்று பார்த்தார்கள். அவ்வளவு அழகான சரிவு அந்தக் கரையில் எந்தப் படகுக்கும் வாய்த்ததில்லை.

ருக்குவை அழைத்து வந்தார்கள்.

"பலகைல குந்திக்கோ. நாங்க மேலேந்து ஒரு இழுப்பு இழுத்தா நீ உச்சில இருப்ப" என்றான் தசரதன்.

ருக்கு சரிவைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். பலகையைத் தள்ளிவிட்டுக் கையை ஊன்றினாள். முதல் துண்டைத் தாண்டினாள். இரண்டாவதில் எண்ணெய் வழுக்கியது. வந்த வேகத்தில் பின்னால் சரிந்து, படகைப் பிடித்து நின்றிருந்த நைனாவின் காலடியில் தண்ணீருக்குள் போய் விழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே முதலில் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"பிரிச்சுடுங்க."

"இன்னாது?"

"நான் படகு இல்லண்ணா. இஸ்துகினு போறதுக்கு முதுகு போதுமே, சரிவு எதுக்கு? ஏத்தறவங்களுக்குத் தோதா கட்டிகீறீங்க. ஏறுறவளுக்குக் கட்டல."

"பாத்தியா நன்னிய?" என்றான் அர்ஜுனன். "நாள் பூரா தொழிலுக்குப் போவாம எண்ணெ தடவிகினு இருந்தோம்."

அன்று சாயங்காலம் தசரதன் சாப்பிடவில்லை. சரிவு என்றால் மேலே இருப்பவன் இழுப்பதற்கு என்றுதான் அவனுக்கும் மற்றவர்களுக்கும் பிறந்தது முதல் தெரியும். கீழே இருப்பது தானாக ஏறிவரும் என்று எந்த மீன்காரன் நினைத்துப் பார்த்தான்? இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவனே போய் முதல் பனந்துண்டைப் பெயர்த்தான்.

அடுத்த முறை கட்டும்போது ருக்கு கூடவே இருந்தாள். கரையில் உட்கார்ந்து, கையை ஊன்றி, இடுப்பை எடுத்து வைத்துப் பார்த்து, எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே "இன்னும் தாழ்த்து" என்றாள். சரிவு நேராக மேலே போகாமல் கரையை ஒட்டிப் பக்கவாட்டில் நீளமாகப் போனது. மண்ணும் கிளிஞ்சலும் போட்டு இடித்தார்கள். கிளிஞ்சல் கையைக் கிழித்ததால் மேலே சுண்ணாம்பு பூச வேண்டி வந்தது.

சுண்ணாம்புக்கு வழி சொன்னவர் கைருன் பீவி. பழவேற்காட்டு இறால் வியாபாரி அப்துல் ஹையின் மனைவி. பாய்மரம் விழுந்து அப்துல் ஹையின் இடுப்பு முறிந்த பிறகு, கணவருக்குப் பதிலாக அவர்தான் ஏலத்துக்கு வருவார். ருக்குவோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்.

"ஏம்மா ருக்கு, வெலய மட்டும்தான் ஏத்துவேன்னு பாத்தேன். நீயும் ஏறப் போறியாமே?"

"ஆமாம் பீவிம்மா. உங்க வூட்டுக்காரரையும் கூட்டியாங்க."

"அவரா? வாசலைத் தாண்டி எத்தினி வருசமாச்சு" என்றார் கைருன் பீவி. அடுத்த வாரம் சுண்ணாம்புக்குளம் பக்கத்துக் காளவாயிலிருந்து ஒரு படகுச் சுண்ணாம்பு கரைக்கு வந்து சேர்ந்தது. அதன் மேல், ஊன்றி நடக்கும் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு அப்துல் ஹை உட்கார்ந்திருந்தார்.

பூச்சு முடிந்து சரிவு வெண்ணெய் போல இருந்தது. ருக்கு செருப்புக் கைகளோடு ஏறி உச்சியில் உட்கார்ந்து, "எப்பிடி?" என்றாள். அடுத்து அப்துல் ஹை கட்டையை ஊன்றினார். வழவழப்பில் கட்டை சறுக்கியது. தசரதன் பிடித்திருக்காவிட்டால் இன்னொரு இடுப்பும் போயிருக்கும்.

"ருக்கு பாப்பா, உனக்குத் தோதா கட்டிக்கிட்டே" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டு.

அண்ணனுக்கு அவள் சொன்ன அதே சொல். ருக்கு தலையைக் குனிந்துகொண்டாள். தசரதனும் சிரிக்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றான், அது அவன் பெருந்தன்மை. பூச்சு முழுக்க இறுகுவதற்குள் வலை பின்னும் ஊசியால் குறுக்கே நெருக்கமாகக் கோடு கீறினாள் ருக்கு. ஓரத்தில் பிடித்துக்கொள்ள முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று ஏற்கெனவே இருந்தது, உட்கார்ந்தவள் தோள் உயரத்தில். அதற்கு மேலே நிற்பவர் இடுப்பு உயரத்தில் இன்னொன்று கட்டினார்கள். இப்போது இரண்டு பேரும் ஏறினார்கள். அது அந்த வருடம் ஆடி மாதம். விளக்குக்குள் ஜனங்களை விடும் காணும் பொங்கலுக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது.

அந்த மாதத்திலேயே ஒரு நாள், ஊர் ஓடத்தில் தானாக ஏறி, அக்கரை வந்ததும் ஓடக்காரரிடம் கூலியை நீட்டினாள். அவர் வழக்கம்போல் வேண்டாம் என்றார். "வாங்கலன்னா எறங்க மாட்டேன். இங்கயே குந்திகினு ஏலம் கூவுவேன்" என்றாள். வாங்கிக்கொண்டார்.

ஆனால் ஏரி யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஐப்பசி மழைக்கு ஏரி நிறைந்து, முகத்துவாரம் உடைத்துக்கொண்டு தண்ணீர் கடலுக்கு ஓடியது. அந்த இழுப்பில் சரிவின் கீழ்ப்பாதி போய்விட்டது. மீதிமேல் சேறு ஏறிக் காய்ந்து கிடந்தது. ஆளாளுக்கு மழை முடிந்து தொழில் தொடங்கும் அவசரம். ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

1982 காணும் பொங்கலன்று படகு கரையை அணைந்தபோது, சரிவின் நுனி ஆள் உயரத்தில் அந்தரத்தில் நின்றது. தசரதன் பழக்கத்தில் குனிந்து முதுகைக் காட்டினான்.

"வேணாம்ணா. நீ போ."

"இம்மாம் தூரம் வந்துட்டு... ஒரு எட்டுதானே ருக்கு. மேல உட்டுட்டா நீயா போய்க்க."

"அந்த ஒரு எட்டுதாண்ணா மொத்தமும்."

அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவள் படகின் பக்கப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பக்கத்துப் படகில் அப்துல் ஹை கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாரும் போய்த் திரும்பும்வரை அந்த இருவரும் படகிலேயே இருந்தார்கள்.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம் பாப்பா" என்றார் அவர்.

"அடுத்த வருசமும் மழ வருமே பாய்" என்றாள் ருக்கு. கட்டுவதோடு வேலை முடியவில்லை என்று அந்தப் படகில்தான் அவளுக்கு உறைத்தது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தால், அது முதுகில் போவதைவிட மோசம். கேட்காமலே நடக்க வேண்டும். கேட்காமலே நடப்பது என்று அந்த ஊரில் ஒன்றுதான் இருந்தது.

ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு இந்தப் பாடு இன்னாருக்கு என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். முறை வந்தவன் மட்டும்தான் அங்கே வலை கட்டலாம். அண்ணன் தம்பிக்குள் வெட்டுக் குத்து வந்தாலும் பாட்டு முறையை யாரும் மீற மாட்டார்கள். லைட்டவுஸ் கரையை ஒட்டியது நல்ல பாடு. எல்லாருக்கும் அதன்மேல்தான் கண்.

மாசி மாதம் சீட்டுப் போடக் கூடியபோது ருக்கு மறுபடியும் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள்.

"பெரிப்பா, லைட்டவுஸ் பாடு யாருக்கு விழுதோ, அந்தக் கரையும் அன்னிக்கு அவங்களுக்குத்தான்னு வெச்சுடுங்க. இறால் வார்றவன் போறப்ப சரிவுல கீற சேறையும் வாரிட்டுப் போவட்டும். இடிஞ்சிருந்தா ரெண்டு கல்லு வெக்கட்டும்."

பொன்னுரங்கத்தின் முகம் மாறியது. "பாட்டுல கை வெக்கச் சொல்றியா? எங்க அப்பன் பாட்டன் காலத்துலேந்து ஒரு எழுத்து மாறல."

"அவங்க காலத்துல சரிவும் இல்ல பெரிப்பா."

"இவளுக்கோசரம் நான் மண்ணு வாரணுமா?" என்று எழுந்தான் அர்ஜுனன்.

"எனக்கோசரம் வாராத. உங்கம்மா முட்டிய புட்சிகினு ஏர்றாங்களே, அவங்களுக்கோசரம் வாரு."

"எங்கம்மாவ நான் தூக்கிகினு போறேன். நீ கணக்குலயே இல்ல. பொம்பள, அதுவும் முதுகுல வர்றவ, பாட்டப் பத்திப் பேச வந்துட்டா!"

கூட்டத்தில் யாரும் அவனைத் தடுக்கவில்லை. தசரதன் எழப் போனான். ருக்கு வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்து போனாள்.

மறுநாள் காலை இறால் வந்தது. பாயில் குவித்தார்கள். வியாபாரிகள் வந்து நின்றார்கள். ருக்கு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள், வாயைத் திறக்கவில்லை.

"கூவு ருக்கு" என்றாள் அர்ஜுனனின் தாய்.

"கைப்புள்ளைங்க ஏலம் கூவறத எங்கனா பாத்திருக்கீங்களாக்கா? நான் கணக்குல இல்லியாம். உங்க புள்ளதான் சொன்னாரு."

வேறு ஒருத்தி கூவிப் பார்த்தாள். சொன்ன விலைக்கே ஒரு வியாபாரி தலையை ஆட்டிவிட்டார். மேலே கேட்க ஆள் இல்லை. அன்று கைருன் பீவியும் விலையை ஏற்றவில்லை. "கூவ ஆள் இல்லாத எடத்துல நான் ஏன் ஒசத்திக் கேக்கறது?" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டு நின்றார். நல்ல இறால் நொள்ளை விலைக்குப் போனது. அடுத்த நாளும் அதே கதை. ருக்கு காலையில் வருவாள், உட்காருவாள், வெயில் ஏறியதும் போவாள். யாரிடமும் கோபமாகப் பேசவில்லை. கேட்டால் சிரிப்பாள். அதுதான் அர்ஜுனனின் தாய்க்குத் தாங்கவில்லை. ஒரு நாள் கரையிலேயே, எல்லார் முன்னாலும், காலிக் கூடையால் மகன் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

"பேசறவள பேசாம அட்சிட்டியேடா பாவி! ரெண்டு கூடை சேறு வார்னா கை தேஞ்சா பூடும் உனக்கு?"

மறுபடி கூட்டம் கூடியது. இந்த முறை பெண்கள் தள்ளி நிற்கவில்லை. பொன்னுரங்கம் மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "லைட்டவுஸ் பாட்டுல வலை கட்றவன் கரையையும் பாத்துக்கணும். பாக்காதவனுக்கு அடுத்த மொறை அந்தப் பாடு கெடையாது. இனிமே இதுவும் பாடுதான்."

சொல்லி வைத்தாற்போல முதல் சீட்டு அர்ஜுனனுக்கே விழுந்தது. வாயில் முனகிக்கொண்டே கீழ்ப்பாதியை மறுபடி கட்ட முதல் கல்லை அவன்தான் வைத்தான். வைத்தபிறகு, சும்மா சொல்லக் கூடாது, ஒழுங்காக வைத்தான். அந்த வருட மழைக்கும் தண்ணீர் கரையைத் தின்னத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் முறைக்காரன் கொஞ்சம் வாரி, கொஞ்சம் இட்டு நிரப்பினான். மார்கழியில் ருக்கு போய்ப் பார்த்தபோது, சரிவின் அடி தண்ணீருக்குள் இறங்கி மறைந்திருந்தது. நீர் ஏறினாலும் இறங்கினாலும் படகு அணைகிற இடத்தில் அது இருந்தது.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மீன் கூடை ஏற்றும் இடத்தில் பஸ்கள் வந்து நிற்கும். கூடைக்குக் காவலாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில், கண்டக்டரிடம் பலகையில் எந்த எழுத்து என்ன சத்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வைத்துக்கொண்டாள். திருப்பாலைவனம் பலகையில் ஒரு எழுத்தும் சுண்ணாம்புக்குளம் பலகையில் இரண்டு எழுத்தும் அவளுக்குப் போதும். ஈர மணலில் விரலால் போட்டுப் பார்த்து, யாராவது வந்தால் செருப்புக் கையால் அழித்துவிடுவாள். வீட்டில் ஒருவருக்கும், தசரதனுக்குக்கூடத் தெரியாது.

காணும் பொங்கல் வந்தது. காற்று வாடையிலிருந்து லேசாக வீசியது. படகு சரிவை அணைந்ததும் தசரதன் கழியை ஊன்றிப் படகை அசையாமல் பிடித்துக்கொண்டான். குனியவில்லை, கையை நீட்டவில்லை. அது அவனுக்கு எளிதாக இல்லை. ருக்கு செருப்புகளை மாட்டினாள். பக்கப்பலகையில் ஏறி, தாழ்ந்த கயிற்றைப் பிடித்து, சரிவில் இறங்கி உட்கார்ந்தாள். பிறகு கையை ஊன்றினாள், இடுப்பை எடுத்து வைத்தாள். பின்னால் அப்துல் ஹையின் கட்டை டக் டக்கென்று வந்தது. அதற்குப் பின்னால் அர்ஜுனனின் தாய், மேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"பாத்து ருக்கு, டிராபிக் ஜாம் ஆவுது" என்றான் கீழே நின்ற அர்ஜுனன்.

"ஆரன் அடி, வழி உடறேன்" என்றாள் அவள், திரும்பாமலே.

மதில் வாசலில் தருமலிங்கம் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றுவிட்டார். மதிலுக்குள் அவர் எல்லை. அங்கே விளக்குக் கட்டடத்தின் வாசற்படிமேல், கிடங்கறைக் கதவு ஒன்றைக் கழற்றிச் சாய்வாகப் போட்டு வைத்திருந்தார். யாரும் கேட்டுச் செய்ததில்லை அது.

"ஆள் ஒன்பது" என்று சொல்லி எழுதினார். "கையெழுத்து..."

"மேல போய்ட்டு வந்து போடறேன் சார்."

"சுத்துப்படிம்மா. வழுக்கிட்டா?"

"குந்திகினுதானே சார் ஏறப் போறேன். உழறதுக்கு எனக்கு உயரம் எங்க கீது?"

உள்ளே திரும்பி உட்கார்ந்து, பின்னால் இருக்கும் படியில் கையை ஊன்றி, உடம்பை எக்கி ஏற்றினாள். ஒவ்வொரு படியாக, முதுகு முன்னால் போக, முகம் வந்த வழியைப் பார்த்தபடி ஏறினாள். ஜன்னல் வரும் இடங்களில் நின்று மூச்சு வாங்கினாள். மேலே போகிறவர்களும் வருகிறவர்களும் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள். தசரதன் இரண்டு படி கீழேயே தொடர்ந்து வந்தான். ஒரு முறைகூடத் தொடவில்லை.

உச்சியில் காற்று முகத்தில் அறைந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவில் முகத்துவாரம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பிள்ளைகள் சொன்னது சரிதான், வீடு தெரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. கம்பிக்கு இடையே முகத்தை வைத்து நேர் கீழே பார்த்தாள். கரையோரம் சுண்ணாம்புக் கோடு ஒன்று தண்ணீரிலிருந்து மேலே ஏறி வந்தது. அதில் யாரோ ஒரு வெளியூர்க்காரர், வயதானவர், மேல் கயிற்றைப் பிடித்து மெதுவாக ஏறிக்கொண்டிருந்தார். அவருக்கு இவளைத் தெரியாது.

"இன்னா தெரியுது?" என்று கேட்டான் தசரதன்.

"ஒருத்தர் வர்றாரு" என்றாள் ருக்கு.

இறங்கி வந்ததும் மேசைக்கு எதிரே நகர்ந்து போனாள். தருமலிங்கம் நோட்டைத் தரையில் இறக்கி வைத்து, அவரும் குனிந்து உட்கார்ந்தார். தசரதன் பழக்க தோஷத்தில் பேனாவுக்குக் கை நீட்டினான். அவள் அவனுக்கு முன்னால் அதை வாங்கிக்கொண்டாள். செருப்பைக் கழற்றினாள். உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள். பெரிய எழுத்தாக, கோட்டை விட்டு வெளியே போகாமல், மூன்று எழுத்தையும் போட்டாள். அண்ணன் குனிந்து அதை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"இனிஷியல் போடலையாம்மா?" என்றார் தருமலிங்கம்.

"நான் ஒண்டியாதானே சார் ஏறி வந்தேன். பேரு மட்டும் போதும்."

அவர் பேனாவை வாங்கி, அந்தப் பெயருக்கு நேரே தேதியை எழுதினார்: 16.1.1983, ஞாயிற்றுக்கிழமை.